ரொபெஸ்பியரின் கடைசி இரண்டு நாள்கள்: பயத்தைக் கிளப்பியவரைப் பயம் வீழ்த்திய கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பள்ளிப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி பாஸ்டில் சிறை, பதினாறாம் லூயி, தலை வெட்டும் கில்லட்டின் என்று ஓடி, நேராக நெப்போலியனிடம் போய் நின்றுவிடும். நடுவே 1794 ஜூலையில் பாரிஸில் நடந்தது பாதிப் பக்கத்துக்கு மேல் வராது. நாட்டையே நடுங்க வைத்த ஒருவர், தம்மைக் கண்டு நடுங்கியவர்களாலேயே ஒன்றரை நாளில் வீழ்ந்த கதை அது. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ரொபெஸ்பியர் யார்?

மாக்சிமிலியன் ரொபெஸ்பியர், 1758இல் வட பிரான்ஸின் அராஸ் நகரில் பிறந்த வழக்கறிஞர். காசுக்கு மசியாதவர் என்பதால் பாரிஸ் மக்கள் அவருக்கு ‘கறைபடியாதவர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். தச்சுத் தொழில் நடத்திய துப்ளே குடும்பத்தின் வீட்டில்தான் குடியிருந்தார். பகட்டான ஒரே விஷயம் உடை: பவுடர் பூசிய தலைமுடி, மடிப்புக் கலையாத கோட்டு. 1793 ஜூலை 27 அன்று பொதுப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தார். பன்னிரண்டு பேர் கொண்ட அந்தக் குழுதான் அன்றைய உண்மையான அரசாங்கம். சேர்ந்து சரியாக ஓராண்டில் ஆள் முடிந்துபோனார்.

மரண தண்டனையே கூடாது என்று பேசியவர் அவர்தானாமே?

அவரேதான். 1791 மே மாதம் அவையில் எழுந்து மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று நீண்ட உரை ஆற்றினார். அடுத்த ஆண்டின் இறுதியில் அரசனைக் கொன்றே ஆகவேண்டும் என்று வாதாடினார். லூயி 1793 ஜனவரி 21 அன்று தலையிழந்தார்.

இதை வெறும் இரட்டை வேடம் என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தம்மை மாறியவராகவே நினைக்கவில்லை. சாதாரணக் காலத்துக்கு ஒரு நியாயம், ஆபத்துக் காலத்துக்கு இன்னொரு நியாயம் என்று பிரித்துவைத்துக்கொண்டார். ஆபத்து எப்போது முடிந்தது என்று அறிவிக்கும் அதிகாரமும் அவர் கையில் இருந்ததுதான் வம்பு. 1794 பிப்ரவரி 5 உரையில், நல்லொழுக்கம் இல்லாத பயங்கரம் நாசம், பயங்கரம் இல்லாத நல்லொழுக்கம் கையாலாகாதது என்றார். பயங்கரம் என்பது விரைவான, கடுமையான, வளையாத நீதியே தவிர வேறில்லை என்றும் சொன்னார். இதை நம்பித்தான் சொன்னார். நம்பாமல் சொல்லும் அரசியல்வாதியாக இருந்திருந்தால் நடுவில் எங்காவது நின்றிருப்பார்.

நாட்டுக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்ததா, இல்லை அவர்களே கிளப்பிவிட்ட பீதியா?

இருந்தது. 1793இல் ஆஸ்திரியா, பிரஷ்யா, பிரிட்டன், ஸ்பெயின், நெதர்லாந்து எல்லாம் பிரான்ஸுக்கு எதிராகப் போரில் இறங்கியிருந்தன. மேற்கே வான்தே பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். லியோன் நகரம் பாரிஸை மதிக்க மறுத்தது. ரொட்டி விலை ஏறிக்கொண்டே போனது.

ஆபத்து உண்மை என்பதால்தான் பயம் அவ்வளவு நன்றாகச் செல்லுபடியானது. ஒன்றுமே இல்லாத இடத்தில் பூதம் காட்டினால் கொஞ்ச நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லையில் நிஜமாகவே எதிரி நிற்கும்போது, ‘பக்கத்து வீட்டுக்காரனும் அவன் ஆள்தான்’ என்றால் யார் மறுப்பது? 1793 செப்டம்பர் 17இல் வந்த சந்தேக நபர்கள் சட்டம் இதைத்தான் செய்தது. நடத்தையாலோ, பழக்கவழக்கத்தாலோ, பேச்சாலோ, எழுத்தாலோ சுதந்திரத்தின் எதிரியாகத் தெரிந்தால் போதும், உள்ளே தள்ளலாம்.

எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்?

நீதிமன்றங்கள் முறைப்படி மரண தண்டனை விதித்துக் கொன்றவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 17,000 பேர். பாரிஸில் மட்டும் சுமார் 2,600. சிறையில் நோயில் செத்தவர்களும் விசாரணையே இல்லாமல் கொல்லப்பட்டவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. வான்தே போரின் சாவுகளைச் சேர்த்தால் எண்ணிக்கை எங்கோ போய்விடும்.

புரட்சியின் இன்னொரு பெரிய தலைவரான தாந்தோனைக் கொன்றதுதான் திருப்புமுனையா?

பெரும் பங்கு அதற்கு உண்டு. 1794 மார்ச் 24 அன்று எபேரும் அவர் கூட்டாளிகளும் கில்லட்டினுக்குப் போனார்கள். ‘இன்னும் கடுமை வேண்டும்’ என்று கத்தியவர்கள் அவர்கள். ஏப்ரல் 5 அன்று தாந்தோனும் காமில் தெமுலேனும் போனார்கள். ‘போதும், நிறுத்துவோம்’ என்று சொல்லத் தொடங்கியவர்கள் இவர்கள். இரண்டு வாரத்துக்குள் இரண்டு பக்கமும் காலி. தெமுலேன் ரொபெஸ்பியரின் பள்ளித் தோழர். அவர் கல்யாணத்துக்கு ரொபெஸ்பியர் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். தெமுலேனின் மனைவி லூசிலையும் ஒரு வாரம் கழித்துக் கொன்றார்கள்.

தாந்தோனுக்கு மரண தண்டனை கொடுத்த புரட்சி நீதிமன்றத்தை ஓராண்டுக்கு முன் அமைக்கச் சொல்லி முழங்கியவர் தாந்தோனேதான். அதற்காகக் கடவுளிடமும் மனிதர்களிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சிறையில் சொன்னார் என்பார்கள்.

தேசியப் பேரவையில், அதாவது அன்றைய நாடாளுமன்றத்தில், உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அன்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். தாந்தோனுக்கே இந்த கதி என்றால் நான் எம்மாத்திரம்?

ரொபெஸ்பியருக்கே பயம் இருந்ததா?

நிறைய. இந்தப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1794 மே மாதம் அவருடைய குழுவைச் சேர்ந்த கொலோ தெர்புவாவை ஒருவன் சுட்டான், தப்பினார். அவன் முதலில் ரொபெஸ்பியரைத் தேடித்தான் அலைந்தானாம். மறுநாளே செசில் ரெனோ என்ற இளம்பெண் துப்ளே வீட்டு வாசலுக்கு வந்து ‘கொடுங்கோலன் எப்படி இருப்பான் என்று பார்க்க வந்தேன்’ என்றாள். அவளிடம் இரண்டு சின்னக் கத்திகள் இருந்தன. இந்த இரண்டையும் ஒரே சதியாக முடிச்சுப்போட்டு, ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்களையும் சேர்த்து, ஐம்பதுக்கு மேற்பட்டோரை ஜூன் 17 அன்று கொன்றார்கள். தந்தையைக் கொன்றவர்களுக்குப் போடும் சிவப்புச் சட்டையை எல்லோருக்கும் போட்டு அனுப்பினார்கள். ரொபெஸ்பியர் தேசத்தின் தந்தையா என்று ஊர் முணுமுணுத்தது.

அவருடைய உரைகளில் தம் சாவைப் பற்றிய பேச்சு அந்த மாதங்களில் கூடிக்கொண்டே போகிறது. எங்கும் சதி தெரிகிறது. பிறரைப் பயமுறுத்தக் கட்டிய கோட்டைக்குள் அவரும்தான் குடியிருந்தார்.

பிரேரியல் 22 சட்டம் என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்?

புரட்சிக்காரர்கள் நாட்காட்டியையும் மாற்றியிருந்தார்கள். அதன்படி பிரேரியல் 22 என்பது 1794 ஜூன் 10. குழுவில் ரொபெஸ்பியரின் கூட்டாளியான கூத்தோன் கொண்டுவந்த சட்டம். பின்னால் நின்றவர் ரொபெஸ்பியர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. சாட்சிகளை விசாரிக்க வேண்டியதில்லை. தார்மீகச் சான்றே போதும், அதாவது நீதிபதியின் மனதுக்குப் பட்டால் போதும். தீர்ப்பு இரண்டே: விடுதலை அல்லது சாவு. பொய்ச் செய்தி பரப்புவதும், மக்கள் ஒழுக்கத்தைக் கெடுப்பதும்கூட மரணத்துக்குரிய குற்றம்.

விளைவைப் பாருங்கள். 1793 வசந்தத்திலிருந்து ஜூன் 10 வரை பாரிஸ் புரட்சி நீதிமன்றம் கொன்றவர்கள் சுமார் 1,250 பேர். அதன்பின் ஏழே வாரத்தில் சுமார் 1,370 பேர். குடியிருப்பவர்கள் முறையிட்டதால் கில்லட்டினை நகர மையத்திலிருந்து கழற்றிக் கிழக்கு எல்லைக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் பிக்பூஸ் தோட்டத்தில் குழி வெட்டி உடல்களைக் கொட்டினார்கள்.

ஆனால் ரொபெஸ்பியரைச் சாய்த்தது இந்த எண்ணிக்கை இல்லை. அந்தச் சட்டத்தில் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. பேரவை உறுப்பினரைப் பேரவையின் அனுமதி இல்லாமல் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடியாது என்ற பாதுகாப்பு இதோடு போய்விட்டதா இல்லையா என்று தெளிவாகவே இல்லை. ருவாம்ப் என்ற உறுப்பினர் எழுந்து, ஒத்திவைக்காமல் இதை நிறைவேற்றினால் என் மண்டையை நானே சுட்டுச் சிதறடித்துக்கொள்வேன் என்று கத்தினார். மறுநாள் பாதுகாப்பு உண்டு என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதற்கு மறுநாள் ரொபெஸ்பியரும் கூத்தோனும் வந்து மிரட்டி அந்த வரியை எடுக்கவைத்தார்கள்.

என் வாதம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதுவரை பயங்கர ஆட்சிக்குக் கை தூக்கியவர்கள், அது யார் மேலோ பாயும் என்று நம்பித்தான் தூக்கினார்கள். தங்களுக்கு விலக்கு உண்டு என்ற நம்பிக்கைதான் அவர்கள் கொடுத்த ஆதரவின் விலை. அந்த விலக்கை ரொபெஸ்பியர் தம் கையாலேயே அழித்தார்.

தெர்மிதோர் 8 அன்று என்ன பேசினார்?

ஜூலை 26. ஒரு மாதத்துக்கும் மேலாகப் பேரவைப் பக்கமே சரியாக வராதவர், அன்று மேடையேறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். சதி இருக்கிறது, சதிகாரர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள், குழுக்களிலும் இருக்கிறார்கள், களையெடுக்க வேண்டும் என்றார். நிதித் துறையைக் கவனித்த கம்போன் போன்ற சிலரைச் சாடினாரே தவிர, களையெடுக்கப்பட வேண்டியவர்கள் யார் என்று பட்டியல் தரவில்லை.

கம்போன் பொங்கி எழுந்தார். ஒரே ஒரு மனிதர்தான் இந்த அவையின் கையைக் கட்டிப்போடுகிறார், அவர் ரொபெஸ்பியர் என்று நேருக்கு நேர் சொன்னார். அப்படி ஒருவர் சொல்லி அவை கேட்டது வெகு நாளுக்குப் பிறகு அன்றுதான். ‘யார் யார் என்று பெயரைச் சொல்லுங்கள்’ என்று குரல்கள் எழுந்தன. சொல்ல மறுத்தார்.

பத்துப் பெயரைச் சொல்லியிருந்தால் மீதி நூற்றுக்கணக்கானவர்கள் ‘அப்பாடா, நான் இல்லை’ என்று பெருமூச்சு விட்டு அந்தப் பத்துப் பேரைக் கைகழுவியிருப்பார்கள். தாந்தோன் விஷயத்தில் அதுதானே நடந்தது? பெயர் சொல்லாததால் அத்தனை பேரும் அன்றிரவு பட்டியலில் ஏறிவிட்டார்கள். அரசியல் தந்திரம் என்ற கணக்கில் பார்த்தால் இவ்வளவு மோசமான பேச்சு வரலாற்றில் அபூர்வம்.

அன்றிரவு எதிரிகள் என்ன செய்தார்கள்?

வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பேரவை உறுப்பினர் ஜோசப் ஃபூஷே சில வாரங்களாகவே இந்த வேலையில் இருந்தார். ஒவ்வொருவரிடமும் ‘அடுத்த பட்டியலில் உன் பெயர் இருக்கிறது’ என்று காதோடு சொல்வதுதான் வேலை. பலர் சொந்த வீட்டில் படுப்பதையே விட்டுவிட்டதாக நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. தல்லியேன் என்ற இன்னொரு உறுப்பினரின் காதலி தெரேசா கபார்ருஸ் சிறையில் இருந்தாள். நீ கோழை என்று அவள் எழுதிய கடிதம்தான் அவனை உசுப்பியது என்று ஒரு கதை உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது, அதனாலேயே நான் முழுக்க நம்புவதில்லை.

ரொபெஸ்பியரோ தம் ஆதரவாளர்கள் நிறைந்த ஜாக்கோபின் என்ற அரசியல் சங்கத்தில் அதே உரையை மறுபடி வாசித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். எதிர்த்துப் பேச வந்த கொலோவையும் பிய்யோ-வரேனையும் அடிக்காத குறையாக வெளியே தள்ளினார்கள். அந்த இருவரும் பொதுப் பாதுகாப்புக் குழு உறுப்பினர்கள், அவருடைய சகாக்கள்.

தெர்மிதோர் 9 அன்று பேரவையில் நடந்தது என்ன?

ஜூலை 27 நண்பகல். ரொபெஸ்பியரின் நெருங்கிய கூட்டாளி சேன்-ஜுஸ்த் உரையைத் தொடங்கினார். சில வரிகள்கூடத் தாண்டவில்லை, தல்லியேன் குறுக்கே பாய்ந்தார். பிய்யோ பின்னாலேயே வந்தார். ரொபெஸ்பியர் மேடைப் படியேறும் ஒவ்வொரு முறையும் ‘கொடுங்கோலன் ஒழிக’ என்ற கூச்சல். அவைத்தலைவர் நாற்காலியில் கொலோ, பிறகு துய்ரியோ. அவர்கள் கைமணியை விடாமல் ஆட்டி அவர் குரலை அமுக்கினார்கள். பேசிப் பேசியே ஆண்ட மனிதருக்கு அன்று ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. தொண்டை கட்டியபோது ‘தாந்தோனின் ரத்தம் உன் தொண்டையை அடைக்கிறது’ என்று ஒருவர் கத்தினாராம்.

கைது செய்யத் தீர்மானம் கொண்டுவந்தவர் லூஷே. அதற்கு முன் அவரை யாரும் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. ரொபெஸ்பியர், சேன்-ஜுஸ்த், கூத்தோன் மூவரையும் கைது செய்ய அவை ஒப்பியது. தம்பி ஒகுஸ்தேன் ‘அண்ணனோடு என்னையும் பிடியுங்கள்’ என்று தானாக முன்வந்தார். நண்பர் லெபாவும் அப்படியே.

கைதானவர் எப்படி வெளியே வந்தார்?

பாரிஸ் நகராட்சி அவர் பக்கம். லக்சம்பர்க் சிறையில் அவரை ஏற்கவே மறுத்துவிட்டார்கள். இரவில் நகர மன்றக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வெளியே சதுக்கத்தில் பீரங்கியோடு தேசியக் காவல் படையினர் கூடியிருந்தார்கள். பேரவை அப்போது பலவீனமாகத்தான் இருந்தது. உடனே கிளம்பியிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

கிளம்பவில்லை. படைக்கு ஓர் அழைப்பு எழுதலாம் என்றபோது ‘யார் பெயரால் எழுதுவது?’ என்று ரொபெஸ்பியர் கேட்டதாகச் சொல்வார்கள். சட்டத்தின் பெயரால் இத்தனை செய்தவருக்குச் சட்டத்துக்கு வெளியே எழுதக் கை வரவில்லை போலும். அவர் வசித்த பகுதிக்கு எழுதப்பட்ட ஆயுத அழைப்பு இன்றும் இருக்கிறது. அதில் அவர் கையெழுத்து முதல் இரண்டு எழுத்துகளோடு நிற்கிறது. ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம்.

மக்கள் ஏன் காப்பாற்ற வரவில்லை?

வர ஆள் விட்டுவைத்தால்தானே? பாரிஸ் ஏழைகளைத் தெருவுக்கு இழுக்கத் தெரிந்தவர்கள் எபேரின் ஆட்கள். அவர்களை மார்ச்சிலேயே கொன்றாயிற்று. ‘புரட்சி உறைந்துவிட்டது’ என்று சேன்-ஜுஸ்த் எழுதியது சும்மா இல்லை. போதாக்குறைக்கு, நான்கு நாளுக்கு முன்தான் நகராட்சி தொழிலாளர் கூலிக்கு உச்சவரம்பு அறிவித்திருந்தது. பலருக்குக் கூலி பாதியாகக் குறையும். அந்தக் கடுப்பு வேறு.

இன்னொன்று, ஜூன் 26 அன்று ஃப்ளூரூஸ் போரில் பிரான்ஸ் ஜெயித்துவிட்டது. எதிரி பின்வாங்குகிறான். இனியும் எதற்கு இவ்வளவு தலை என்ற கேள்வி சாதாரண ஜனங்களுக்கும் வந்துவிட்டது.

நள்ளிரவு தாண்டியதும் சதுக்கத்தில் நின்றவர்கள் உத்தரவு எதுவும் வராமல் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். ஏறக்குறைய 2 மணிக்குப் பராஸ் தலைமையிலான பேரவைப் படை உள்ளே நுழைந்தது. லெபா தன்னைச் சுட்டுக்கொண்டார். ஒகுஸ்தேன் ஜன்னலிலிருந்து குதித்துக் கால் முறிந்தார். ரொபெஸ்பியரின் தாடையைக் குண்டு பிளந்தது. தானே சுட்டுக்கொண்டாரா, காவலன் ஒருவன் சுட்டானா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அவருடைய குழு கூடும் அறையிலேயே ஒரு மேஜைமேல் கிடத்தி, தலைக்கு ஒரு மரப்பெட்டியை வைத்தார்கள். விடியும்வரை ரத்தத்தைத் துடைத்தபடி கிடந்தார். வருவோர் போவோர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவருக்கு விசாரணை நடந்ததா?

இல்லை. பேரவை அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்துவிட்டது. அப்படி அறிவித்தால் விசாரணை தேவையில்லை. ஆள் இவர்தான் என்று அடையாளம் காட்டினால் போதும். புரட்சி அரசே 1793இல் கிளர்ச்சிக்காரர்களுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. அடையாளம் காட்டும் சடங்கை நடத்திய அரசு வழக்கறிஞர் ஃபூக்கியே-தேன்வில். முந்தின நாள்வரை அவர் இதே வேலையை மறுபக்கத்துக்காகச் செய்துகொண்டிருந்தவர். நாற்காலிகூட மாறவில்லை.

ஜூலை 28 மாலை ரொபெஸ்பியரோடு சேர்த்து 22 பேர் தலையிழந்தார்கள். அவருக்காகக் கில்லட்டினை மறுபடி நகர மையத்துக்கே கொண்டுவந்தார்கள். அடுத்த நாள் நகராட்சிக்காரர்கள் எழுபது பேருக்கு மேல்.

அவரை வீழ்த்தியவர்கள் நல்லவர்களா?

சிரிப்புத்தான் வருகிறது. லியோனில் கைதிகளை வரிசையாக நிற்கவைத்துப் பீரங்கியால் சுடவைத்தவர்கள் கொலோவும் ஃபூஷேவும். போர்தோவில் கில்லட்டின் நடத்தியவர் தல்லியேன். இவர்களுடைய அட்டூழியத்துக்காக ரொபெஸ்பியர் கணக்குக் கேட்பார் என்ற பயமும் சேர்ந்துதான் இவர்களை ஒன்றாக்கியது. பயங்கர ஆட்சியை ஒழிக்கவா கிளம்பினார்கள்? தலை தப்பக் கிளம்பினார்கள். ரொபெஸ்பியர் போனதும் ஊரே மூச்சுவிட்டதைப் பார்த்துவிட்டு, அதுதான் எங்கள் நோக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அவர்களுக்கு என்ன ஆயிற்று?

பிரேரியல் சட்டம் நான்கே நாளில் ரத்தானது. நவம்பரில் ஜாக்கோபின் சங்கத்தை மூடினார்கள். நாந்த் நகரில் ஆட்களைப் படகோடு ஆற்றில் மூழ்கடித்த கரியேவுக்கு டிசம்பரில் கில்லட்டின். ஃபூக்கியே, உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்று வாதாடிப் பார்த்தார். 1795 மேயில் அவர் முறை வந்தது. கொலோவும் பிய்யோவும் கயானாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். கொலோ அங்கேயே காய்ச்சலில் செத்தார். தெற்கே லியோன், மார்செய் பக்கம் ஜாக்கோபின்களைக் கும்பல்கள் வெட்டிச் சாய்த்தன. தல்லியேன் வறுமையில் 1820இல் போனார்.

ஃபூஷே மட்டும் நெப்போலியனிடம் போலீஸ் மந்திரி ஆனார், பிரபுப் பட்டம் வாங்கினார். 1815இல் பதினெட்டாம் லூயிக்கும் மந்திரியாக இருந்தார். அந்த லூயியின் அண்ணனைக் கொல்ல வாக்களித்தவர்களில் ஃபூஷேவும் ஒருவர்.

‘தன் வினை தன்னைச் சுடும்’ என்பதற்கு இது உதாரணம்தானே?

ஃபூஷேவைப் பார்த்த பிறகுமா? வினை தானாகச் சுடுவதில்லை. இங்கே சுட்டது, பயந்துபோன சக அதிகாரக்காரர்கள். கில்லட்டினில் செத்த தையல்காரியும் வேலைக்காரனும் எவ்வளவு பயந்தாலும் ரொபெஸ்பியரின் நாற்காலி அசையவில்லை. வாக்கும் மணியும் படையும் கையில் இருந்தவர்களுக்குப் பயம் தொற்றியபோதுதான் அசைந்தது.

வேறு எங்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சோவியத்தில் பெரியா. ஸ்டாலின் 1953 மார்ச்சில் இயற்கையாகச் செத்தார். பயத்தால் ஆண்டவர் எல்லோரும் வீழ்வதில்லை என்பதற்கு அவரே சான்று. ஆனால் ரகசியப் போலீஸை வைத்திருந்த பெரியாவை, அடுத்து நம்மைத்தான் பிடிப்பான் என்று அஞ்சிய சகாக்களே ஜூன் மாதம் கூட்டத்தில் வைத்துப் பிடித்தார்கள். டிசம்பரில் சுட்டுக்கொன்றார்கள். தெர்மிதோரின் அச்சு அசல்.

அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி கதை ரத்தமில்லாதது. 1950இலிருந்து அரசாங்கத்துக்குள் கம்யூனிஸ்டுகள் என்று பட்டியல் காட்டியே பெயர் வாங்கினார். பட்டியலின் எண்ணிக்கை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அதிகாரிகளையும் பேராசிரியர்களையும் கடித்தவரை யாரும் தடுக்கவில்லை. ராணுவத்தின்மேல் கைவைத்தார். 1954 விசாரணை தொலைக்காட்சியில் ஓடியது. டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற வாக்கில் கண்டித்தது. மூன்றாண்டு கூட உயிரோடு இல்லை.

ரொபெஸ்பியருக்கு இன்று ஆதரவாளர்கள் உண்டா?

உண்டு. வரலாற்றாசிரியர் ஆல்பேர் மத்தியே 1907இல் அவர் பெயரில் ஒரு ஆய்வுச் சங்கமே தொடங்கினார். அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1792இல் போர் வேண்டாம் என்று தனித்து நின்றவர், எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்டவர், யூதர்களுக்குக் குடியுரிமை கேட்டவர். குழுவில் பன்னிரண்டு பேர் போட்ட கையெழுத்துகளின் பாவத்தை எல்லாம் செத்தவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் தப்பித்தார்கள் என்பதும் உண்மை. பிரேரியல் சட்டத்தை மட்டும் அவர் தலையிலிருந்து இறக்க முடியாது. பாரிஸை ஒட்டிய மோன்த்ரெய்யில் அவர் பெயரில் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது, ஒன்பதாம் தடத்தில். பாரிஸ் நகருக்குள் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று 2011இல் நகர மன்றத்தில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.